தங்கத்தாள் சுற்றிய மிட்டாய்

அத்தியாயம் 9

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பாரதி கையில் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டி மூன்று நாளாகப் பிரிக்கப்படாமலே அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. மகள் எழில்மதி ஜெர்மனியிலிருந்து அனுப்பிய முதல் பெட்டி. அங்கே அவளோடு வேலை செய்யும் உளுந்தூர்பேட்டைப் பெண் பாரதி, லீவில் வந்தபோது தன் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

வாரம் முழுக்க மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை இருந்ததால் பெரியநாயகி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். காத்திருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. பெட்டிக்குள் தன் புருஷன் ராசுவுக்கென்று ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழில்மதி அப்பாவோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை அம்மாவுக்குப் போன் செய்வாள். பக்கத்தில் ராசுவின் இருமல் கேட்டால் போதும், "அப்பறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதத்தில் மலையடிவாரத்து இந்த ஊருக்குள் வந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து ஏழு பேர் செத்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவன் பெரியநாயகியின் மகன் சந்தோஷ். இருபத்து மூன்று வயது. அதே சாராயத்தைக் குடித்த ராசு பிழைத்துக்கொண்டார். இரண்டு கண்ணும் போய்விட்டன. அப்பன் ஒளித்து வைத்திருந்ததை மகன் திருடிக் குடித்துவிட்டான் என்று ஊர் சொன்னது. ராசு போலீசில் சொன்னதும் அதைத்தான். பெரியநாயகி நம்பியதும் அதைத்தான்.

அதனால்தான் ஒவ்வொரு அமாவாசைக்கும் மகன் போட்டோவுக்கு விளக்கேற்றும்போது அவனைத் திட்டுவாள். "சிகரெட்டுகூட தொடாத புள்ளக்கி அன்னிக்கி ஏண்டா அந்தத் திருட்டுப் புத்தி?" என்று கேட்பாள். போட்டோவில் அவன் டிராக்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நிற்பான்.

காலை ஒன்பது மணிக்கு ராசுவின் அக்கா கொளஞ்சியம்மாள் வந்து சேர்ந்தாள். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு. பெட்டி வந்த நாளிலிருந்து அவள் மூன்று முறை வந்து போயிருந்தாள்.

"இன்னிக்காவது பிரிப்பியா, இல்ல கோயில்ல வெச்சி பூசை போடுவியா?"

"ஒக்காருங்க அண்ணி. கத்தி எடுத்துக்கினு வரேன்."

ராசு சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் டேப் கிழிபடும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

எழில்மதி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தாள். ஐந்தாவது வரை படித்த பெரியநாயகி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

முதலில் வந்தது முடிச்சு முடிச்சாகச் சுற்றிச் சுட்ட முறுக்கு மாதிரி ஒன்று. மேலே கல்லுப்பு ஒட்டியிருந்தது. கொளஞ்சியம்மாள் ஒன்றைக் கடித்துவிட்டு உப்பை நாக்கால் தள்ளினாள்.

"உப்பு ஜாஸ்தி. உள்ள ஒன்னும் இல்ல. எண்ணெயே காட்டல போல."

அடுத்தது கரடிக்குட்டி உருவத்தில் வண்ண வண்ணமாக ஜவ்வு மிட்டாய். அதன் சீட்டை வாசித்துவிட்டு பெரியநாயகி லேசாகச் சிரித்தாள். "இதுல பொதுவா மாட்டு எலும்பு, பன்னித் தோலு காய்ச்சி ஊத்துவாங்களாம். அது சேர்க்காததா பாத்து, பின்னால இருக்கற எழுத்தெல்லாம் படிச்சி வாங்கினாளாம். அண்ணிக்கு பயம் வோணாம்னு எழுதியிருக்கா."

"என் பேரப் போட்டா எழுதியிருக்கா?"

"அத்தைன்னு எழுதியிருக்கா."

கொளஞ்சியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரடியை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். பல்லில் ஒட்டிக்கொண்டதை விரலால் எடுத்தாள்.

மூன்றாவது பொட்டலத்தில் கறுப்பாக, கயிற்றுச் சுருள் போல ஒன்று இருந்தது. அதை வாயில் வைத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதிமதுரம்டி இது," என்றாள் கொளஞ்சியம்மாள். "இருமலுக்கு வாயில அடக்கிக்குவோமே, அதேதான். அதுல உப்பு வேற போட்டு வெச்சிருக்கான். அந்த ஊருல புள்ளைங்களுக்கு மருந்துதான் மிட்டாயா?"

ராசு சிரித்தார். பெரியநாயகி திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சுக்கும் பட்டையும் போட்ட மாதிரி வாசம் வந்த ஒரு கேக்கும் இருந்தது. அதைத்தான் கொளஞ்சியம்மாள் தன் வீட்டுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் எழுந்து போனபிறகு பெரியநாயகி பெட்டியின் அடியில் கையை விட்டாள்.

அடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அட்டையில் பளபளவென்று சிவப்புப் பழம் இரண்டு. உள்ளே பன்னிரண்டு மிட்டாய், ஒவ்வொன்றும் தங்கத்தாளில் சுற்றியது. சீட்டில் இருந்ததை அவள் இரண்டு முறை வாசித்தாள்.

'இது அப்பாவுக்கு மட்டும். வேற யாரும் சாப்பிட வேண்டாம்.'

பெரியநாயகி சீட்டை மார்போடு வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. புருஷன் பார்க்கப் போவதில்லை என்பதால் துடைக்காமல் விட்டாள்.

"இன்னாங்க," என்றாள். "உங்களுக்குன்னு தனியா ஒரு டப்பா வெச்சிருக்கா."

ராசு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெசமாத்தான் சொல்றேன். வேற யாரும் துன்னக் கூடாதாம். கைப்பட எழுதியிருக்கா."

"அப்பாவுக்குன்னா எழுதியிருக்குது?"

"அப்பாவுக்குன்னுதான்."

அவர் வேட்டியில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு நீட்டினார். கரும்பு வெட்டிக் காய்த்த கை. இரண்டு வருஷம் சும்மா இருந்ததில் காய்ப்பு உரிந்து, தோல் மெலிந்திருந்தது. பெரியநாயகி ஒரு மிட்டாயின் தங்கத்தாளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை உடனே தின்னவில்லை. விரலால் உருட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு முழுதாக வாயில் போட்டுக் கடித்தார்.

தாடை ஓர் அசைவு அசைந்து நின்றது.

"நல்லாருக்குதா?"

ராசுவின் முகத்தில் ரத்தம் இல்லை. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. உதட்டோரம் மெல்லிய பழுப்பு நீர் வழிந்தது. வெகுநேரம் கழித்துத் தொண்டை ஏறி இறங்கியது.

"இதுல இன்னா இருக்குது?" என்று கேட்டார்.

"சாக்லேட்டுங்க. உள்ள ஏதோ பழம் வெச்சிருக்காங்க போல. மேல படம் போட்டிருக்குது."

"பழம் இருக்குது. பழத்தச் சுத்தி இன்னா இருக்குது?"

"இன்னா இருக்கும்? சக்கரப் பாகு."

"சரக்கு இருக்குது நாயகி."

"உளறாதீங்க. மிட்டாய்ல யாராவது சரக்கு ஊத்துவாங்களா?"

"முப்பது வருசம் குடிச்சவன் சொல்றேன். இன்னொன்னு குடு."

அவர் கை நீண்டே இருந்தது. இனி ஒரு சொட்டுகூட ஆகாது என்று டாக்டர் சொன்னது பெரியநாயகியின் காதில் கேட்டது. அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு மிட்டாயைப் பிரித்தாள். அவர் கையில் வைக்காமல் தானே கடித்தாள்.

முதலில் இனிப்பு. அப்புறம் நாக்கின் மேல் ஏதோ உடைந்து ஓடியது. சுரீரென்றது. மூக்குக்குள் ஏறியது. தொண்டை வழியாக நெஞ்சுக்குள் ஒரு சூட்டுக் கோடு இழுத்துக்கொண்டே போயிற்று.

பெரியநாயகி தன் வாழ்நாளில் சாராயத்தை வாயில் வைத்ததில்லை. இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள். என் பிள்ளைக்கும் அன்றைக்கு இப்படித்தான் எரிந்திருக்குமா என்று நினைத்தாள். எழுந்துபோய் வாசலில் துப்பினாள். வாய் கொப்பளித்தாள். எரிச்சல் போகவில்லை.

திரும்பி வந்து, "தெரியாம வாங்கியிருப்பா," என்றாள். "அந்த ஊரு எழுத்து யாருக்குப் புரியுது?"

"அவளுக்குப் புரியும். அந்த பாஷை படிச்சிட்டுத்தான போனா. கரடி மிட்டாய்ல மாட்டு எலும்பு இருக்குதான்னு எழுத்தெண்ணிப் படிச்சவளுக்கு இது மட்டும் தெரியாமப் பூடுமா?" ராசு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "மத்தவங்க துன்னக் கூடாதுன்னு ஏன் எழுதினா? யோசிச்சிப் பாரு."

பெரியநாயகி யோசித்தாள். சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"பெத்த அப்பனுக்கு எந்தப் பொண்ணாவது இப்பிடி அனுப்புவாளா? அதுவும் இந்த வூட்டுக்கு?"

"அனுப்புவா. அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில கடைசியா சந்தோசு பக்கத்துல இருந்தவ அவதான்."

"இன்னா தெரியும்?"

தெருவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று. அதன் சத்தம் முழுதாக அடங்கும்வரை ராசு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சந்தோசு எதையும் திருடல," என்றார்.

பெரியநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மூங்கில்துறைப்பட்டு சக்கர மில்லுல ரெண்டு நாளு கரும்பு லோடோட வரிசையில கெடந்துட்டு அன்னிக்கி சாயங்காலந்தான் வந்தான். ஞாபகம் இருக்குதா? கன்னம் வீங்கிப் போயி இருந்துச்சி. கடவாப் பல்லு. நீ காட்டுலேர்ந்து வரல. ஆஸ்பத்திரிக்கி நாளைக்கிப் போலாம்டான்னேன். வலி தாங்காம சொவத்துல தலைய முட்டிக்கினு இருந்தான்."

"ம்."

"நான் ஏற்கெனவே ரெண்டு பாக்கெட்டு உள்ள தள்ளிட்டேன். மிச்சம் மூணு இருந்துச்சி. இத வாயில ஊத்தி பல்லுமேல அடக்கிக்கடா, மரத்துப் பூடும்னு சொன்னேன். வோணாம்பான்னான். ரெண்டு தபா வோணாம்னான். நான்தான் வாயத் தொறக்கச் சொல்லி ஊத்தினேன்."

அவர் குரல் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. யாருக்கோ நேர்ந்ததைச் சொல்வது போல இருந்தது.

"துப்பத் தெரியல அவனுக்கு. முழுங்கிட்டான். கொஞ்ச நேரத்துல வலி கம்மியாச்சிப்பான்னான். அப்ப இன்னொன்னும் குடிச்சிட்டு நல்லாத் தூங்குன்னு சொல்லிக் கையில குடுத்தேன். குடிச்சான்."

"போலீசுல?"

"மொதல்ல பயந்துட்டேன். எம்மேல கேசு வரும்னு இல்ல. நீ என்ன வுட்டுட்டுப் போய்டுவன்னு. கண்ணு போச்சி. நீயும் போய்ட்டா நான் எங்க போவேன்? அவனே எடுத்துக் குடிச்சிட்டான்னு சொல்லி கைநாட்டு வெச்சேன்."

பெரியநாயகி சுவரில் இருந்த போட்டோவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இருபத்து மூன்று அமாவாசை, இருபத்து நான்கு அமாவாசை, எத்தனை முறை அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். செத்த பிள்ளை எதிர்த்துப் பேச முடியாமல் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான்.

"நீ ஊத்தினியா?" என்றாள். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "வோணாம்னு சொன்ன வாயில நீ ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"அவன என் வாயால திருடன்னு சொல்ல வெச்சிட்ட. ரெண்டு வருசம் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்த."

"என்ன ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போ நாயகி. அந்தக் கைநாட்ட மாத்தி எழுதிட்டு வரேன். கேசு இன்னும் முடியல. சொல்லிடறேன்."

"நான் இட்டுக்கினு போவ மாட்டேன். இத்தினி நாளு உன் கையப் புடிச்சி கக்கூசுக்கு இட்டுப் போனதே போதும்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் அவர் கூப்பிடவில்லை.

ஊர் முனையில் மலைக்குப் போகும் ரோடு. ரோட்டை ஒட்டி ஓர் ஓடை வரப்பு. அங்கேதான் டவர் நன்றாக எடுக்கும். மகளோடு பேச எப்போதும் அங்கேதான் வருவாள். நேரம் பன்னிரண்டு ஆகப் போகிறது. அங்கே காலை ஏழரை. கல்வராயன் மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது.

இரண்டு முறை மணி அடித்ததுமே எழில்மதி எடுத்தாள்.

"மா, சொல்லு. பொட்டி பிரிச்சியா?"

"உங்கண்ணன் ஆஸ்பத்திரியில உங்கிட்ட இன்னா சொன்னான்?"

அந்தப் பக்கம் எங்கோ தட்டு வைக்கும் ஓசை கேட்டது. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டு நேரம். ஒரு கதவு மூடிக்கொண்டது.

"யாரும்மா சொன்னது?"

"அவரே சொன்னாரு. அவன் உங்கிட்ட சொன்னத நீ சொல்லு."

எழில்மதி மூச்சை இழுத்துவிட்டாள். "மறுநாளு காலைல எனக்கு அந்த வார்டுல பயிற்சி டூட்டி. உனக்குத் தெரியும். அண்ணனுக்குக் கண்ணு மங்கிடிச்சி. என் கைய தடவித் தடவிப் பாத்துட்டு எழில்மதியான்னு கேட்டான். பல்லு வலிக்கி அப்பா குடுத்தாருன்னான். நல்லதுக்குத்தான் குடுத்தாரு, அம்மாகிட்ட சொல்லாத, அம்மா தாங்க மாட்டான்னான். கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினான். அப்பறம் ஒரு மணி நேரம்கூட இல்ல."

பெரியநாயகி வரப்பில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசமா சொல்லல நீ."

"சத்தியம் பண்ணேன்ல. நீ அவனத் திட்டும்போதெல்லாம் எனக்கு வாய்வரைக்கும் வந்துரும். அதான் நீ அமாவாசைக்கி வெளக்கு வெக்கற அன்னிக்கி நான் போனே பண்ண மாட்டேன்."

அது உண்மைதான். பெரியநாயகிக்கு இப்போதுதான் உறைத்தது.

"அந்தத் தங்கத்தாளு மிட்டாய்," என்றாள். "உள்ள இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பெரியநாயகி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இங்க ஒரு கெழவருக்கு அவரு பொண்ணு வாங்கியாந்து குடுத்தா. எனக்கும் ஒன்னு குடுத்தாங்க. கடிச்சதும் அண்ணன் ஞாபகந்தான் வந்துச்சி. அன்னிக்கே கடைக்குப் போயி வாங்கிட்டேன். அந்த ருசி அவரு நாக்குல படட்டும்னு நெனச்சேன். பட்டதும் அவருக்குப் புரியணும், நான் மறக்கலன்னு. பாரதி பிளைட் ஏறின அன்னிக்கி ராத்திரி தூங்கல. அத மட்டும் எடுத்து வீசிருன்னு போன் பண்ணலாம்னு நாலு தபா எடுத்தேன். பண்ணல. நான் நர்சும்மா. அவரு ஒடம்பு எப்பிடி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே அனுப்பினேன். எத்தினி துன்னாரு?"

"ஒன்னு."

"மிச்சம் எங்க?"

மிச்சம் வீட்டில், அவர் காலடியில் இருந்தது. பத்து. பெரியநாயகி எழுந்து நின்றாள். மகளைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒருத்தன் நல்லதென்று நினைத்து ஊற்றினான். இன்னொருத்தி கெட்டதென்று தெரிந்தே அனுப்பினாள். இருவரையும் சுமக்க வேண்டியவள் அவள்தான்.

மலைப்பக்கம் ஹாரன் கேட்டது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ் வளைவில் இறங்கி வந்து ஊர் நிறுத்தத்தில் நின்றது.

நிறுத்தத்தில் ஒரே ஓர் ஆள் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் தடி. சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். இரண்டு வருஷமாக வாசல் குழாயைத் தாண்டி அவள் கை இல்லாமல் போகாத மனுஷன், இருநூறு அடி தெருவை எப்படித் தடவிக் கடந்து வந்தாரோ. முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. எங்கோ விழுந்து எழுந்திருக்கிறார்.

கண்டக்டர் இறங்கி வந்து அவர் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். ராசு தடியால் படியைத் தட்டிப் பார்த்து ஏறினார். எங்கே போகவேண்டும் என்று கண்டக்டர் குனிந்து கேட்பது தெரிந்தது. ராசு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பெரியநாயகிக்குக் கேட்கத் தேவையும் இல்லை.

ஓடினால் பிடித்துவிடலாம். இருபது எட்டுத் தூரம்தான். கூப்பிட்டால்கூடப் போதும்.

கண்டக்டர் படியில் நின்றபடி அவளைப் பார்த்துவிட்டார். ஊர்க்காரர்களை அவருக்கு முகம் தெரியும்.

"அக்கா, நீயும் வரியா?"

பெரியநாயகி கண்டக்டரையே பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள். கண்டக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு விசில் கொடுத்தார்.

"மா?" போனில் எழில்மதியின் குரல் பதறியது. "மா, லைன்ல இருக்கியா? அங்க இன்னா சத்தம்?"

"வெள்ளிமலை பஸ்ஸு."

"எங்கம்மா போற, இந்த நேரத்துல?"

பஸ் கிளம்பியது. ஜன்னலோரத்தில் ராசுவின் முகம் நேராக, எதையும் பார்க்காமல் போயிற்று.

"நான் எங்கயும் போவல," என்றாள் பெரியநாயகி. "உங்கப்பா போறாரு."